மொக்கையாப் போன நெயில் கட்டரை வீட்டுலயே தீட்டுனேன், டைமண்ட் அரம் செட்டு எப்படி இருக்கு

எங்க வீட்டுல ஒரு நெயில் கட்டர் இருக்கு, 1998ல சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்தப்ப கொண்டுவந்தது. கொரியாவுல செஞ்சது, கைப்பிடியில 777ன்னு போட்டிருக்கும். அந்தக் காலத்துல வெளிநாட்டுல இருந்து யாரு வந்தாலும் சோப்பு, கோடாலித் தைலம், நெயில் கட்டர் இந்த மூணும் பெட்டிக்குள்ள கண்டிப்பா இருக்கும்ல, அப்படி வந்தது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல நாங்க அஞ்சு பேரு அதுலதான் நகம் வெட்டுனோம், ஒரு நாளும் அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட்டதில்ல, குளிச்சுட்டு வந்து ஈரத்தோட வெட்டி அப்படியே டிராயர்ல தூக்கிப் போட்டுருவோம். போன வருஷம் அது சுத்தமா மொக்கையாயிருச்சு.

மொக்கைன்னா எப்படின்னா, அழுத்துனா நகம் வெட்டுப்படாம நடுவுல மடங்கி நசுங்கும், இன்னும் கொஞ்சம் அழுத்துனா டக்குன்னு பிஞ்சு வரும். கை நகத்துக்கு இது ஒரு தொந்தரவு அவ்வளவுதான். ஆனா எங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, பதினஞ்சு வருஷமா மாத்திரை, கால் பெருவிரல் நகம் மஞ்சளா தடிச்சுப் போயி கிட்டத்தட்ட ஒரு ஓடு மாதிரி இருக்கும். அவருக்கு நகம் வெட்டி விடுறது நான்தான். ஒரு ஞாயித்துக்கிழமை இந்த மொக்கை கட்டரை வச்சு அழுத்துனப்ப நகம் குறுக்க வெட்டுப்படாம நீளவாக்குல பிளந்துக்கிட்டு ஓரத்துச் சதையோட சேர்ந்து கிழிஞ்சிருச்சு. ஒரு கடுகு அளவு ரத்தம்தான், அப்பாவுக்கு வலிக்கக்கூட இல்ல, கால்ல உணர்ச்சி கம்மியாயிருச்சு அவருக்கு, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. அது ஆற மூணு வாரம் ஆச்சு. தினமும் கட்டு மாத்தும்போதெல்லாம் ஒரு நெயில் கட்டரைச் சரியா வச்சுக்கத் தெரியலையேன்னு மனசு அடிச்சுக்கும். அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன், வீட்டுல சர்க்கரைக்காரங்க, வயசானவங்க இருந்தா தயவுசெஞ்சு முழுசாப் படிங்க.

முதல்ல எல்லாரும் செய்யுற மாதிரி புதுசு வாங்குனேன். பேன்சி ஸ்டோர்ல 30 ரூபாய்க்கு ஒண்ணு, மெடிக்கல்ல 60 ரூபாய்க்கு ஒண்ணு. 30 ரூபாய்க்காரன் புதுசுலயே வாய் சரியா மூடல, ஒரு ஓரம் மூடுனா இன்னொரு ஓரத்துல சந்து தெரியுது. 60 ரூபாய்க்காரன் நாலு மாசம் நல்லா வெட்டுச்சு, அப்புறம் தகடு வளைஞ்சு போயி அழுத்த அழுத்த கைப்பிடிதான் இறங்குது, வாய் சேரல. பழைய கட்டரைக் கையில எடுத்துப் பாத்தா தகடு கெட்டியா, ஸ்பிரிங் டக்குன்னு, பின்னாடி ரிவெட்டு ஒரு ஆட்டம்கூட இல்லாம இருக்கு. உடம்பு முழுக்க நல்லா இருக்குற பொருளை வாய் மொக்கையாப் போச்சுன்னு தூக்கிப் போட எனக்கு மனசு வரல. அருவாமனை மொக்கையானா தூக்கியா போடுறோம், தீட்டித்தானே வச்சுக்கிறோம்.

சரி தீட்டலாம்னு ஆரம்பிச்சு மூணு வழியில தோத்துட்டுத்தான் நாலாவதா சரியான இடத்துக்கு வந்தேன். அந்த மூணையும் சொல்லிர்றேன், நீங்க அதுல நேரம் போக்க வேணாம்.

ஒண்ணு, அலுமினியம் ஃபாயில். நாலஞ்சு மடிப்பு மடிச்சு கட்டரால நறுக்கிக்கிட்டே இருந்தா கூர் வந்துரும்னு எல்லாரும் சொல்றாங்க. நறுக்குனேன், ஒரு கைப்பிடி ஃபாயில் தூள்தான் மிச்சம். யோசிச்சா காரணம் புரியும், அலுமினியம் மெத்துன்னு இருக்குற உலோகம், அது எஃகைத் தேய்க்காது. வாய்ல இருக்குற அழுக்கும் சின்னப் பிசிறும் கொஞ்சம் போகும், அந்த ஒரு நாளைக்குப் பரவாயில்லாத மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

ரெண்டு, உப்புத்தாளை நறுக்குறது. இது ஃபாயிலை விட மோசம். கத்தரிக்கோலுக்கு இது ஓரளவு சரியா வரும், ஏன்னா கத்தரிக்கோல்ல ரெண்டு அலகும் ஒண்ணு பக்கத்துல ஒண்ணு உரசிக்கிட்டுப் போகும். நெயில் கட்டர்ல அப்படி இல்ல, ரெண்டு உதடும் நேருக்கு நேரா வந்து முட்டும், இடுக்கி மாதிரி. முனையும் முனையும் முட்டுற இடத்துல உப்புத்தாளை வச்சு நறுக்குனா அந்த மணல் நேரா கூர் முனை மேலதான் குத்தும், முனையை இன்னும் தட்டையாக்கும். நான் 60 ரூபாய் கட்டர்ல இதைச் செஞ்சு பாத்தேன், செஞ்சதுக்கு அப்புறம் பால் கவரைக்கூட வெட்டல.

மூணாவது, சாணை. ஒரு இடத்துல கரண்டு சாணைக்கல்லு வச்சுக் கத்தி தீட்டிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க, 30 ரூபாய்க் கட்டரைக் கொடுத்துப் பாத்தேன், நல்லவேளை அப்பாவுக்கு வெட்டுற அந்தப் பழைய கட்டரைக் கொடுக்கல. அவரு கல்லுல ரெண்டு செகண்டு வச்சாரு, தீப்பொறி பறந்துச்சு, கையில வாங்கிப் பாத்தா முனையில நீல நிறம் ஓடியிருக்கு. எங்க அம்மா ஊரு மானாமதுரைப் பக்கம், பக்கத்துலயே திருப்பாச்சேத்தி, அருவாளுக்குப் பேர் போன ஊரு, பட்டறை வேலையைச் சின்ன வயசுல வேடிக்கை பாத்திருக்கேன். இரும்பைக் காய்ச்சி தண்ணியில முக்கி எடுத்தாத்தான் அதுக்குக் கடினம் வரும், அப்புறம் திரும்பச் சூடு ஏறுனா அந்தக் கடினம் இறங்கிரும். எஃகு நீலமாகுதுன்னா சூடு கிட்டத்தட்ட 300 டிகிரிக்குப் போயிருச்சுன்னு அர்த்தம். கத்தி மாதிரி பெரிய பொருள் அந்தச் சூட்டை வாங்கிப் பரப்பிக்கும், நெயில் கட்டர் வாய் பேப்பர் மாதிரி மெலிசு, அதுக்குத் தாங்காது. வெட்டும்போது கூரா இருந்துச்சு, ஒரே வாரத்துல முனை மடிஞ்சிருச்சு. அவரு மேல தப்பு சொல்லல, அந்தக் கல்லு அந்த வேலைக்கு இல்ல.

இப்ப அரத்துக்கு வர்றேன்.

மதுரைக்காரங்களுக்குத் தெரியும், தெற்காவணி மூல வீதி முழுக்க நகைக்கடை. அந்தப் பக்கத்துச் சந்துகள்ல நகை ஆசாரிங்களுக்குன்னு சாமான் விக்கிற சின்னச் சின்னக் கடைகள் இருக்கு, குறடு, ஊதுகுழல், தராசு, அரம் இப்படி. ஹார்டுவேர் கடையில பெரிய அரம்தான் கிடைக்கும், அது நெயில் கட்டர் வாய்க்குள்ள போகாது, நகை வேலைக்கு வச்சிருக்குற ஊசி அரம்தான் சரின்னு தோணி அங்க போனேன். கடையில இருந்த பெரியவர்கிட்ட கட்டரைக் காட்டுனேன். அவரு அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரா வாயை மூடிப் பிடிச்சுப் பாத்தாரு, விரலால ஒரு தடவு, அப்புறம் சாதா எஃகு ஊசி அரத்தை எடுத்து முனையில ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுனாரு. அரம் வழுக்கிக்கிட்டுப் போச்சு, ஒரு கீறல்கூட விழல.

“பாத்தியாம்மா, தங்கத்துக்கு இது போதும். இது காய்ச்சுன எஃகு, அரத்துக்குச் சமமா நிக்குது. வைரப்பொடி ஒட்டுன அரம்தான் இதைத் தின்னும்”னாரு.

அப்படித்தான் இந்த டைமண்ட் ஊசி அரம் செட்டு கைக்கு வந்துச்சு. பத்து அரம், ஒவ்வொண்ணும் 140 மில்லிமீட்டர் நீளம், தண்டு 3 மில்லிமீட்டர், பச்சை கலர் பிளாஸ்டிக் பிடி, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ள வரிசையா சொருகி இருக்கும். கம்பெனி பேரு எதுவும் இல்ல. 190 ரூபாய் கொடுத்தேன். தட்டை, அரைவட்டம், உருண்டை, முக்கோணம், சதுரம், கத்தி மாதிரி மெலிசுன்னு பல வடிவம் இருக்கு. வாங்கி ஏழெட்டு மாசம் ஆச்சு, எங்க வீட்டுது, அண்ணன் வீட்டுது, பக்கத்து வீட்டு அக்காவுதுன்னு மொத்தம் ஒன்பது கட்டரைச் சரிபண்ணியிருக்கேன், அதனால தைரியமாச் சொல்லலாம்.

தீட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுதான் அந்தப் பெரியவர்கிட்ட நான் கத்துக்கிட்டதுலயே பெருசு. கட்டர் வெட்டலைன்னா உடனே கூர் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. வாயை மூடி டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ரெண்டு உதடும் சேர்ற கோட்டுல எங்கயாச்சும் வெளிச்சம் ஒழுகுதான்னு பாருங்க. ஒழுகுச்சுன்னா அங்க முனை சேரவே இல்ல, நீங்க எவ்வளவு கூரா வச்சாலும் அந்த இடத்துல நகம் வெட்டுப்படாது, பிய்யத்தான் செய்யும். நான் பாத்த ஒன்பதுல நாலு இப்படித்தான், கூர் பிரச்சனை இல்ல, சேராத பிரச்சனை. அதுலயும் ரெண்டு கட்டர்ல சேராததுக்குக் காரணம் வெறும் அழுக்கு. உள்ள நகத்தூளும் சோப்பும் உப்புத்தண்ணிப் படிவமும் சேர்ந்து கல்லு மாதிரி இறுகி, ரெண்டு தகடும் முழுசா நெருங்க விடாம தடுத்துக்கிட்டு இருந்துச்சு. வெந்நீர்ல சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவச்சு பழைய பிரஷ்ஷால தேய்ச்சதுமே அது ரெண்டும் வெட்ட ஆரம்பிச்சிருச்சு. அரமே தேவைப்படல. அதனால முதல் வேலை கழுவுறது.

கழுவ கட்டரைக் கழட்டணும். பயப்படாதீங்க, கைப்பிடியை நிமித்தி அரைச் சுத்து திருப்புனா அது கொக்கியில இருந்து கழண்டு வரும், நடுவுல இருக்குற குச்சியைக் கீழே தள்ளுனா வெளிய வந்துரும், அவ்வளவுதான், ரெண்டு தகடும் பின்னாடி ரிவெட்டுல மட்டும் நிக்கும். குச்சியோட தலையில ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், கைப்பிடி அதுலதான் மாட்டும், எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு கழட்டும்போதே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, முதல் தடவை நான் மாத்திப் போட்டு பத்து நிமிஷம் முழிச்சேன். இந்தக் குச்சியும் நெம்புகோலும் வச்ச கட்டர் அமைப்பு ரொம்பப் பழசு, இறுக்கிப் பிடிச்சு வெட்டுற மாதிரி நகவெட்டிக்கு அமெரிக்காவுல 1881லயே காப்புரிமை கொடுத்திருக்காங்க.

இப்ப முனையை உத்துப் பாருங்க, பூதக்கண்ணாடி இருந்தா நல்லது, இல்லைன்னா மொபைல் கேமராவுல பெருசாக்கிப் பாருங்க. உதட்டோட வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, பளபளன்னு ஒரு சரிவான பட்டை ஓடும். கம்பெனியில கூர் வச்சது அந்தப் பட்டையிலதான். நீங்க கை வைக்க வேண்டியதும் அந்தப் பட்டையில மட்டும்தான். உள்பக்கம் அரம் போடாதீங்க, முனை மேல நேரா அரம் போடாதீங்க. என் கட்டர்ல அந்தப் பட்டை முடியுற இடத்துல, முனை ஓரமா, ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு லைட்டு வெளிச்சத்துல மின்னுச்சு. நல்ல கூர் முனை மின்னாது, ஏன்னா அதுக்கு அகலமே இல்ல, வெளிச்சம் பட்டுத் திரும்ப இடம் இல்ல. மின்னுதுன்னா அங்க தட்டையாயிருச்சுன்னு அர்த்தம். அந்த வெள்ளைக் கோடு மறையுற வரைக்கும் தேய்ச்சா வேலை முடிஞ்சது.

எந்த அரம்னு கேட்டீங்கன்னா, கை நகக் கட்டருக்கு வாய் உள்வாங்கி வளைஞ்சிருக்கும், அதுக்குத் தட்டை அரம் போட்டா ரெண்டு ஓரம்தான் தேயும், நடுவுல படாது. அரைவட்ட அரத்தோட வளைவுப் பக்கம் அதுல அப்படியே போய் உக்காருது, பாக்கவே அழகா இருக்கும், ரெண்டையும் சேர்த்துப் பண்ணுன மாதிரி. கால் நகத்துக்குன்னு வர்ற பெரிய கட்டர்ல வாய் நேரா இருக்கும், அதுக்குத் தட்டை அரம். செட்டுல மீதி எட்டு அரத்துக்கு இந்த வேலையில இடமே இல்ல. இது இந்தச் செட்டோட முதல் குறைன்னே சொல்லுவேன்.

தேய்க்குறதுக்கு முன்னாடி அந்தப் பட்டை மேல கருப்பு மார்க்கர் பேனாவால மை பூசிருங்க. ரெண்டு இழுப்பு இழுத்துட்டு பாருங்க, மை எங்க போயிருக்குன்னு தெரியும். முனைகிட்ட மட்டும் போயிருந்தா அரத்தை ரொம்பத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க, பின்னாடி மட்டும் போயிருந்தா ரொம்பப் படுக்க வச்சிருக்கீங்க, பட்டை முழுக்கச் சமமாப் போனா சாய்வு சரி. இந்த மை வேலையை விட்டுட்டு கண்ணால மட்டும் பாத்துச் செஞ்சா கண்டிப்பா தப்பாகும், அண்ணன் வீட்டுக் கட்டர்ல எனக்கு ஆச்சு, சாய்வு மாறி முனை தடிச்சுப் போயி திரும்ப முதல்ல இருந்து தேய்க்க வேண்டியதாப் போச்சு.

கட்டர் வாயை மூடுன மாதிரி ரப்பர் பேண்டு நாலு சுத்து சுத்திக்கங்க. அப்பத்தான் ரெண்டு உதடும் ஒரே அளவுக்குத் தேயும். ஒரு மேஜை ஓரத்துல கட்டரை வச்சு இடது கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அரத்தை முன்னாடி தள்ளும்போது மட்டும் லேசா அழுத்தி, திரும்பக் கொண்டுவரும்போது தூக்கிரணும், முன்னயும் பின்னயும் ரம்பம் மாதிரி இழுக்கக் கூடாது. அழுத்தம்னா எவ்வளவுன்னா, பேனாவுல எழுதுற அழுத்தம் போதும். வைரப்பொடி தானா வெட்டும், நீங்க பலம் கொடுத்தா பொடி உதிர்ந்து அரம் வீணாப்போகும். என் முதல் அரைவட்ட அரத்தோட நுனி அப்படித்தான் ரெண்டாவது கட்டர்லயே வழவழன்னு ஆயிருச்சு, நடுப்பகுதியை வச்சுத்தான் இப்ப ஓட்டுறேன். ஒரு உதட்டுக்குப் பத்துல இருந்து பதினஞ்சு தள்ளு, அப்புறம் திருப்பி அடுத்த உதட்டுக்கு அதே எண்ணிக்கை. நடுவுல நடுவுல லைட்டுல வெள்ளைக் கோட்டைப் பாத்துக்கங்க. அப்பா கட்டருக்கு மொத்தம் மூணு சுத்து ஆச்சு, இருபது நிமிஷ வேலை. சத்தம் காதுக்குக் கொஞ்சம் கூசும், சிலேட்டுல ஆணி இழுக்குற மாதிரி. ஒரு துணியை விரிச்சு அது மேல செய்யுங்க, விழுற இரும்புத்தூளைக் குழந்தைங்க தொடாம மடிச்சுக் குப்பையில போட்டுருங்க, கையைக் கழுவாம கண்ணைத் தொடாதீங்க.

அப்புறம் ரப்பர் பேண்டை எடுத்துட்டு திரும்ப டியூப் லைட்டு சோதனை. அப்பா கட்டர்ல வலது ஓரம் ஒரு முடி அளவுக்கு வெளிச்சம் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. வெளிச்சம் வர்ற இடத்தைத் தேய்க்கணும்னுதான் நமக்குத் தோணும், ஆனா அது தப்பு, வெளிச்சம் வராத இடத்துல எங்கயோ ஒரு மேடு இருந்துக்கிட்டு மத்த இடத்தைச் சேரவிடாம தடுக்குது. மேட்டைக் கண்டுபிடிக்க முனையில மை தடவி வாயை ரெண்டு தடவை மூடித் திறந்தேன், எந்த இடத்துல மை அழிஞ்சிருக்கோ அதுதான் முட்டுற மேடு. 1000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதான் தண்ணியில நனைச்சுத் தேய்க்குற நைசான உப்புத்தாளை, ஐஸ் குச்சியில சுத்தி அந்த மேட்டை மட்டும் நாலு தடவை தொட்டேன், முனையில நேரா கை வைக்குற ஒரே இடம் இதுதான், அதுவும் தொடுற மாதிரிதான். ஒழுகல் நின்னுருச்சு. எனக்கு அந்த நிமிஷம் இருந்த சந்தோஷம் பெரிசு, அடுப்படியில இருந்த அம்மாவைக் கூப்பிட்டு லைட்டுல காட்டுனேன்.

கடைசியா பிசிறு எடுக்கணும். அரம் போட்ட முனையில கண்ணுக்குத் தெரியாத பிசிறு உள்பக்கம் மடிஞ்சு நிக்கும், அதோட நகம் வெட்டுனா அந்தப் பிசிறு ஒடிஞ்சு முனையையும் சேர்த்துக் கெடுத்துரும், தோல்லயும் கீறும். அதே 1000 நம்பர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு வெளிப்பட்டையில அஞ்சாறு தடவை மெதுவாத் தேய்ச்சுட்டு, உள்பக்கம் படுக்க வச்சு ஒரே ஒரு தடவு. பஞ்சை முனை மேல இழுத்துப் பாருங்க, நூல் மாட்டுச்சுன்னா பிசிறு இருக்கு, வழுக்கிக்கிட்டுப் போனா சுத்தம். ஃபாயிலுக்கு இந்த இடத்துல வேலை இருக்கு, ஒரு அஞ்சாறு தடவை நறுக்குனா மிச்சப் பிசிறும் போயிரும்.

சோதிச்சுப் பாக்க நகம் வேணாம், காலி பால் கவர் போதும். மொக்கைக் கட்டர் பால் கவரை வெட்டாது, வாய்க்குள்ள மடிச்சு இழுக்கும். தீட்டுனதுக்கு அப்புறம் எங்க கட்டர் பால் கவர்ல பிறை மாதிரி ஒரு துண்டு வெட்டிக் கீழ போட்டுச்சு, ஓரத்துல ஒரு இழுப்புகூட இல்ல.

அப்பாவுக்கு இப்ப எப்படி வெட்டுறேன்னு சொல்றேன், இதுவும் முக்கியம். வெதுவெதுப்பான தண்ணியில காலைக் கழுவி விடுவேன், தண்ணிச் சூட்டை நான்தான் என் கையை விட்டுப் பாப்பேன், அவரு கால்ல சூடு தெரியாது. விரல் இடுக்கெல்லாம் நல்லாத் துடைச்சுட்டு, கால் நகத்தை நேரா வெட்டுவேன், ஓரத்தை வளைச்சு உள்ள போகவே மாட்டேன், ஓரம் குடைஞ்சா நகம் சதைக்குள்ள வளரும். தடிச்ச நகத்தை ஒரே கடியில வெட்டாம ஒரு ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வெட்டா. முன்னாடி ரெண்டு கையையும் சேர்த்து அழுத்துன நகம் இப்ப ரெண்டு விரல் அழுத்தத்துல டிக்குனு வெட்டுப்படுது, பிளவு இல்ல. ஆனா நகம் ரொம்பத் தடிச்சிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ புண்ணு இருந்தாலோ வீட்டுல வெட்டாதீங்க, டாக்டர்கிட்ட போயிருங்க, எங்க அப்பா நகமும் அப்படித்தான், அதுல என்னைப் பாத்து நீங்களும் செய்யாதீங்க. நகத்துல பூஞ்சை இருக்குறவங்களுக்குத் தனிக் கட்டர் வச்சிருங்க, எங்க வீட்டுல அப்பாவுக்குத் தனி, மத்தவங்களுக்குத் தனின்னு இப்ப பிரிச்சாச்சு, வெட்டி முடிச்சதும் ஸ்பிரிட்ல துடைச்சுத்தான் உள்ள போகும்.

செட்டைப் பத்தி என் மதிப்பு என்னன்னா, வேலை செய்யுது, நிஜமாவே செய்யுது, 190 ரூபாய்க்குப் பல கட்டரைக் காப்பாத்திக் கொடுத்திருக்கு. ஆனா குறை இருக்கு. வைரப்பொடி சில அரத்துல ஒரே சீரா ஒட்டல, என் தட்டை அரத்துல ஒரு பக்கம் கரகரன்னு இன்னொரு பக்கம் பாதி வழவழன்னு இருந்துச்சு, அதனால கடையில வாங்கும்போதே விரலால தடவிப் பாத்து வாங்குங்க. பிளாஸ்டிக் பிடி ரெண்டு அரத்துல கழண்டு வந்துருச்சு, ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருக்கேன். அரத்தோட பொடி கொஞ்சம் முரடு, அரத்தோட மட்டும் நிறுத்துனா முனை ரம்பம் மாதிரி இருக்கும், வாட்டர் பேப்பர் இல்லாம வேலை முழுசாகாது, நான் வாங்குனப்ப அது ஒரு ஷீட் 20 ரூபாய், அதையும் சேர்த்து வாங்கிருங்க.

எல்லாக் கட்டருக்கும் இது சரிவராது. அந்த 30 ரூபாய் மெலிசுத் தகட்டுல தீட்டுனா கூர் வரும், ஒரு மாசம்கூட நிக்காது, எஃகுலயே கடினம் இல்ல. பின்னாடி ரிவெட்டு ஆடுச்சுன்னாலும் விட்டுருங்க, ரெண்டு உதடும் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல போய் முட்டும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஜப்பான் கட்டர் ஒண்ணு இருக்கு, ‘கை’ (KAI)ன்னு பேரு வச்ச கம்பெனியோடது, அவங்க பையன் வாங்கி அனுப்புனது. அந்தக் கம்பெனி ஆரம்பிச்சது 1908ல, செக்கின்னு ஒரு ஊருல, காலங்காலமா வாள் அடிச்ச ஊராம், நம்ம திருப்பாச்சேத்தி மாதிரின்னு வச்சுக்கங்களேன். அதுல அரம் போடவே எனக்குத் தயக்கமா இருந்துச்சு, கழுவி 1000 நம்பர் பேப்பர்ல மட்டும் நாலு தடவு தடவிக் கொடுத்தேன், அதுவே போதுமா இருந்துச்சு. நல்ல எஃகுக்கு அரம் கடைசி வழியா இருக்கட்டும்.

முலாம் பூசுன கட்டர்ல அரம் போட்ட இடத்துல முலாம் போயிரும், அங்க துரு சீக்கிரம் பிடிக்கும், அதனால தீட்டுன பிறகு துடைச்சு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் முனையிலயும் குச்சியிலயும் விடுங்க. தேங்காய் எண்ணெய் வேணாம், நான் முதல்ல அதைத்தான் போட்டேன், கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு தூசியை இழுத்து வச்சுக்குச்சு. நகம் வெட்டுனதும் துடைச்சு வைக்குறது, ஈரத்தோட வைக்காதது, கம்பி, டேக், பிளாஸ்டிக் கொக்கி இதெல்லாம் நெயில் கட்டரால நறுக்காதது, இது மூணும் இருந்தாலே தீட்டுற வேலை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல வராது. எங்க வீட்டுல கட்டர் மொக்கையானதுக்கே பாதிக் காரணம் புதுத்துணி டேக்கைத் தொங்கவிடுற அந்த பிளாஸ்டிக்கை வெட்டுனதுதான்னு இப்ப நல்லாத் தெரியுது.

போன மாசம் அதே சந்துக்கு இன்னொரு அரைவட்ட அரம் கேட்டுப் போனேன், நுனி போயிருச்சுன்னு சொன்னேன்ல, அதுக்கு. முழுச் செட்டு எடுக்க வேணாம், ஒத்தை அரமாவே தர்றோம்னு 40 ரூபாய்க்குக் கொடுத்தாங்க, அதுல பொடி செட்டுல வந்ததை விட நல்லாவே ஒட்டியிருக்கு. அதனால கை நகக் கட்டர் மட்டும்தான் உங்களுக்குப் பிரச்சனைன்னா அந்த ஒத்தை அரைவட்டமும் ஒரு 1000 நம்பர் ஷீட்டும் கேட்டு வாங்குங்க, கால் நகக் கட்டரும் இருந்தா கூட ஒரு தட்டை அரம்.